உம் கொட்டாமல் பதினைந்து நிமிடம்

பேருந்து நிலையத்து அறிவிப்புக் கூண்டில் இருபத்து மூன்று வருடம் உட்கார்ந்தவள், நாற்பத்து நான்கு வயதில் கல்லூரியில் சேர்ந்து ஊடகத் தொடர்பியல் படிக்கப் போகிறாள் என்றால், யாரும் முதலில் கேட்பது 'எதுக்கு?' என்பதுதான். பெற்ற மகளே அதைத்தான் கேட்டாள். அம்மா சரியாகப் பதில் சொல்லாமல் மழுப்பவே, தன் சிநேகிதிகள் யாரும் அந்தக் கல்லூரியில் இல்லையே என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போய்விட்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்றுதான் சொல்லவில்லை.

கூண்டு என்பது நிலையத்தின் நடுவில், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த சின்ன அறை. ஒரு மேசை, ஒரு மைக், பேருந்து நேரம் ஒட்டிய அட்டை, தலையை ஆட்டிக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி. ஒரு நாள் காலையில் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து, நிலையத்தின் சத்தங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று அனுமதி கேட்டார்கள். சத்தத்தைப் போய் யாராவது தேடி வருவார்களா, இங்கே அது வேண்டாம் என்றாலும் கிடைக்குமே என்று அவள் கிண்டல் செய்தாள். அவர்களில் ஒருத்தி தன் ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் மாட்டிவிட்டாள்.

கூரையில் புறாக்கள் சிறகடித்தன. அங்கே புறா இருப்பது அவளுக்குத் தெரியும். அதன் சிறகுக்கு இத்தனை சத்தம் உண்டு என்பது தெரியாது. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சக்கரப் பெட்டி தரைக் கற்களை ஒவ்வொன்றாகத் தடதடவென்று தாண்டிப் போனது. பத்தாம் நடைமேடைப் பக்கம் யாரோ யாரிடமோ, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்றார்கள். அந்தக் குரல் பாதியில் உடைந்தது. இத்தனையும் தினம் தினம் தன் காதுக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறது, தான் அதன் மேலேயே பேசிக்கொண்டு இருந்திருக்கிறோம் என்று உறைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"இதுக்கெல்லாமா ஒரு படிப்பு இருக்கு?" என்று கேட்டாள்.

"மூணு வருஷம், டிகிரி" என்றாள் அந்தப் பெண்.

நிலைய மேலாளரிடம் நடையாய் நடந்து, காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் வேலை என்று முறை மாற்றி வாங்கினாள். மூன்று வருடம், அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது என்று கறாராகச் சொல்லித்தான் அவர் கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவராக மைக் முன் நின்று தம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் முறை வந்தது. மைக்கைப் பார்த்ததும் நாக்கு தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு..." வகுப்பே கொல்லென்று சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் கவனக்கா. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வைத்த அந்தப் பெயர் அவளுக்கும் பிடித்துப் போய்விட்டது; நாமும் அப்படியே சொல்வோம்.

படிப்பு அவளைத் தினமும் ஒரு முறையாவது அதிர வைத்தது. ஒரு பேச்சில் மூன்று வார்த்தையை வெட்டி எடுத்தால் நல்லவன் கெட்டவனாகிறான் என்று கண் முன்னால் செய்து காட்டினார்கள். ஒரே முகம், அதற்கு முன்னால் ஒரு தட்டுச் சோறு காட்டினால் அது பசித்த முகம், ஒரு தொட்டில் காட்டினால் பாசமான முகம். அந்த மனிதர் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை, மாறியது நம் தலைக்குள் என்று ஆசிரியர் சொன்னபோது கவனக்கா நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒலிப்பதிவு அறைக்குள் முதன்முதலாகப் போன அன்று, பஞ்சு வைத்த சுவர்களுக்கு நடுவே கதவை மூடியதும், தன் நெஞ்சு அடிப்பது தனக்கே கேட்டது. கோயில் குளம் போனவர்கள் சொல்வார்களே, அது மாதிரி ஒரு நிறைவோடு வெளியே வந்தாள்.

கேட்டதையெல்லாம் அன்றன்றைக்கே வீட்டில் கொட்டியாக வேண்டும் அவளுக்கு. கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தார், அவள் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். இந்தப் பேருந்து நிலையத்து லிஃப்டுகளும் அவர் கம்பெனியின் பொறுப்பில்தான். வாயில்லாப் பூச்சி என்பார்களே, அந்த வகை. கவனக்கா பேசுவாள், அவர் 'ம்' என்பார். அவள் கேள்வி கேட்பாள், பதிலையும் அவளே சொல்வாள், அதற்கும் அவர் 'ம்' என்பார். இப்படி ஒரு மாற்றுக் கருத்து இல்லாமல் இருபத்து ஒரு வருடக் குடித்தனம். வலது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பார். அது பற்றி அவளிடம் ஒரு ஜோக் உண்டு, வகுப்பிலும் சொல்லியிருக்கிறாள்: பத்து மாடிக்கு மனுஷங்களை ஏத்தி இறக்குறவர், எட்டு வருஷத்துக்கு முன்னாடி மூணு படியில வழுக்கி விழுந்தாரு. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் எதிரிலேயே சொன்னாலும் அவர் சிரித்துக்கொள்வார்.

இப்படியே இரண்டே முக்கால் வருடம் ஓடியது. கடைசியில் ஒரு வேலைதான் பாக்கி. இறுதி ஒலி ஆவணம். ஒரே ஒரு மனிதர், அவர் தன் வேலையைப் பற்றிப் பேச வேண்டும், பதினைந்து நிமிடம். அது தேறாவிட்டால் பட்டம் இல்லை, அடுத்த வருடம் திரும்பச் செய்ய வேண்டும். கவனக்காவுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. மேலாளர் வாக்கு மாறாத மனிதர், கெட்ட விஷயத்தில் கூட.

ஒலி வகுப்பு எடுத்த ஆசிரியைக்கு இருபத்து ஒன்பது வயது. பிள்ளைகள் அவளை சைலன்ஸ் மேடம் என்பார்கள். கவனக்காவும் அவளை மேடம் என்றாள். அவள் கவனக்காவை அக்கா என்றாள். இருவருக்கும் அது சௌகரியமாக இருந்தது. சைலன்ஸ் மேடத்திடம் இரண்டு சட்டங்கள். ஒன்று, எந்த இடத்தில் பதிவு செய்தாலும் முடிந்தபின் ஒரு நிமிடம் யாரும் அசையாமல் இருந்து அந்த அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை அடைக்க அது வேண்டும். இரண்டு, எதிராளி பேசும்போது உம் கொட்டக் கூடாது.

இரண்டாவதுதான் கவனக்காவின் கழுத்தைப் பிடித்தது. மரியாதை தெரிந்தவர்கள் யாராவது கதை கேட்கும்போது மரம் மாதிரி இருப்பார்களா என்று வாதாடிப் பார்த்தாள்.

"வாயால ம் போடாதீங்கக்கா, தலையால போடுங்க" என்றாள் சைலன்ஸ் மேடம்.

கவனக்கா ஒரு தொலைதூரப் பேருந்து ஓட்டுநரைப் பிடித்தாள். ஓய்வு பெற ஒரு வாரமே இருந்த மனிதர், முப்பது வருட அனுபவம், பேச்சு மன்னர். ஓய்வறையில் உட்காரவைத்து நாற்பது நிமிடம் பதிவு செய்தாள். பிரமாதம் என்று நினைத்துக்கொண்டு கல்லூரிக்கு எடுத்துப் போனாள்.

சைலன்ஸ் மேடம் ஒலிபெருக்கியில் போட்டாள். ஓட்டுநர் பேசினார். அவர் மேலே, கீழே, நடுவே எல்லாம் கவனக்கா இருந்தாள். 'ம்', 'ஆமாமா', 'அய்யய்யோ', 'அதானே'. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பையன் விளையாட்டாக எண்ணினான்: முந்நூற்றுப் பன்னிரண்டு. கவனக்காவும் சேர்ந்து சிரித்தாள். ஒரு இடம் வரும்வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

அந்த இடத்தில் ஓட்டுநர் சொல்லிக்கொண்டிருந்தார்: "மலை எறக்கம். பிரேக் புடிக்கல. கண்ணாடில பாத்தேன், அத்தன பேரும் தூங்கிட்டு இருந்தாங்க. அப்ப எனக்கு..." இங்கே கவனக்காவின் குரல் பாய்ந்தது: "கடவுள் ஞாபகம் வந்திருக்கும்." சற்றுப் பொறுத்து ஓட்டுநர், "ம். கடவுள்தான்" என்றார். பிறகு டீசல் விலையைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

சைலன்ஸ் மேடம் அதைத் திரும்பப் போட்டாள். மூன்று முறை போட்டாள். "அக்கா, அவர் வேற ஏதோ சொல்ல வந்தாரு" என்றாள் மெதுவாக.

கவனக்கா அன்று மதியமே ஓட்டுநரைத் தேடிப் போய், அன்றைக்கு அந்த நேரத்தில் உண்மையில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டாள். அவர் சட்டைப் பையில் சீப்பைத் தேடுவது போல் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"நீயே சொல்லிட்டியேம்மா, கடவுள்னு. அதுவே இருக்கட்டும்" என்றார்.

அடுத்த நாள் அவருக்குக் கடைசி வேலை நாள். மாலை போட்டு அனுப்பினார்கள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனவர் எதை எடுத்துக்கொண்டு போனார் என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. ஒரு மனிதர் முப்பது வருடம் சுமந்து வந்து வாசல் வரை கொண்டு வந்ததை, தான் கதவைச் சாத்தித் திருப்பி அனுப்பிவிட்டோமே என்று கவனக்கா கூண்டில் உட்கார்ந்து மருகினாள். இத்தனைக்கும் அன்பாகத்தான் சாத்தியிருக்கிறாள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

சமர்ப்பிக்க ஐந்து நாள் இருந்தது. புதிதாக ஒரு ஆளைப் பிடித்து, பழகி, பேசவைக்க நேரமில்லை. வீட்டில் யாரும் இல்லையா என்று சைலன்ஸ் மேடம் கேட்டாள். வீட்டுக்காரர் இருக்கிறார், ஆனால் அவரிடம் பதினைந்து நிமிடம் பேச்சு வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை என்றாள் கவனக்கா. வேறு வழியில்லாமல்தான் அவரைக் கேட்டாள். அவர் 'ம்' என்றார்.

ஞாயிறு காலை. பேருந்து நிலையத்தின் மொட்டை மாடியில் லிஃப்டின் இயந்திர அறை. பெரிய மோட்டார், அதன் மேல் பள்ளம் பள்ளமாக ஒரு சக்கரம், சக்கரத்தில் எண்ணெய் மின்னும் எஃகுக் கயிறுகள், சுவரில் ஒரு இரும்புப் பெட்டி. கீழே யாரோ பொத்தானை அழுத்த, பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம், பிறகு சக்கரம் சுற்றத் தொடங்கும். இருவரும் இரண்டு காலி எண்ணெய் டப்பாக்களைக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள். கவனக்கா ஹெட்போனை மாட்டி, மைக்கை அவர் மோவாய்க்கு ஒரு சாண் கீழே பிடித்துக்கொண்டாள்.

இயந்திரத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் பேசினார். அவளே எதிர்பார்க்காத அளவு பேசினார். பிரேக் எப்படிப் பிடிக்கும், ஒரு கயிறு அறுந்தாலும் மற்றவை எப்படித் தாங்கும், எந்தச் சத்தம் வந்தால் நல்லது, எந்தச் சத்தம் வந்தால் அன்றே கழற்ற வேண்டும் என்று. நடுநடுவே நிறுத்தி அவளைப் பார்த்தார். இருபத்து ஒரு வருடமாக அந்த இடத்தில் ஒரு 'ம்' வரும்; இன்றைக்கு வரவில்லை.

"கேக்குதா?" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். அவர் தொடர்ந்தார். ஹெட்போனுக்குள் அவர் குரல் அத்தனை அருகில் கேட்டது. ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் அவர் ஒரு சின்ன மூச்சு இழுப்பார் என்பதை அவள் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தாள். இத்தனை வருடம் அந்த மூச்சு இழுக்கும் நேரத்தில் தான் பேச ஆரம்பித்திருக்கிறோம் என்பதையும்தான்.

பத்து நிமிடம் ஆனது. இனி கேட்கக் கேள்வி இல்லை. வகுப்பில் சொல்லிக்கொடுத்த கடைசிக் கேள்வியைக் கேட்டாள்.

"இந்த வேலையில பயந்த நாள் இருக்கா?"

"இல்ல" என்றார்.

வேறு நாளாக இருந்தால், அதானே, நீங்கள் எதற்குப் பயப்படுவீர்கள் என்று அவளே முடித்திருப்பாள். இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். கருவியில் விநாடிகள் ஓடின. மூன்று. நான்கு. ஐந்து. தொண்டையில் ஒரு 'ம்' வந்து முட்டிக்கொண்டு நின்றது. விக்கல் வந்தவள் போல் அதை விழுங்கினாள். ஏழு. கீழே யாரோ பொத்தானை அழுத்தினார்கள், பெட்டி டக்கென்றது, சக்கரம் சுற்றி நின்றது. ஒன்பது. அவர் தன் கையைப் பார்த்தார். பத்து. அந்தச் சின்ன மூச்சு கேட்டது.

"ஒரு தடவ" என்றார்.

அவள் அசையவில்லை.

"இதே லிஃப்ட். எட்டு வருஷம் இருக்கும். அடியில பள்ளம் இருக்குல்ல, அதுக்குள்ள எறங்கினேன் சுத்தம் பண்ண. கூட வந்தவரு பார்ட்ஸ் வாங்கப் போயிருந்தாரு. ஏணி சறுக்கிருச்சு. கால் மடங்கி ஒடஞ்சுது. சத்தமே கேட்டுச்சு. எந்திரிக்க முடியல. போனு இங்க மேல பையில. கதவு சாத்தியிருந்துச்சு. கூப்பிட்டுப் பாத்தேன், பஸ் சத்தத்துல யாருக்கும் கேக்கல. மூணு மணி நேரம்."

கை அசைந்தால் பதிவில் கேட்கும் என்று கவனக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல இருட்டு. தலைக்கு மேல லிஃப்டு தொங்குது. நிறுத்தி வெச்சது நான்தான், எறங்காதுன்னு தெரியும். ஆனா தெரியறது வேற, அது தலைக்கு மேல இருக்கறது வேற. அப்ப லிஃப்டு கதவுக்கு மேல இருக்கற ஸ்பீக்கர்ல நீ பேசுன. மஞ்சள் கவுன் போட்ட பொண்ணு, நாலு வயசு, காணோம்னு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ சொன்ன. மொதல்ல சாதாரணமா சொன்ன. போகப் போக உன் கொரல் மாறிப்போச்சு. அந்தக் கொழந்த கெடைக்கணும்னு நானும் கீழ உக்காந்து வேண்டிக்கிட்டு இருந்தேன். கால மறந்துட்டேன். அப்புறம், கெடச்சுட்டா, நன்றின்னு சொன்ன. சொல்றப்ப உனக்கு அழுக வந்துருச்சு. எனக்கும்தான். கொஞ்ச நேரத்துல பார்ட்ஸ் வாங்கப் போனவரு வந்து தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. உன்கிட்ட இப்ப சொல்ல வேணாம்னு அவர்ட்ட நான்தான் சொன்னேன்."

சக்கரம் மறுபடி சுற்றி நின்றது.

"வீட்ல உன்கிட்ட சொல்லணும்னுதான் உக்காந்திருந்தேன். நீ வந்த. கால் கட்டப் பாத்துட்டு, படியில வழுக்கிட்டீங்களான்னு கேட்ட. ம்னேன். நீ அந்தப் பொண்ணு கதைய சொல்ல ஆரம்பிச்ச. நின்ன பஸ்ல கடைசி சீட்ல தூங்கிட்டு இருந்தான்னு. அவ எங்க இருந்தான்னு அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. நீ அவ்ளோ சந்தோஷமா சொன்ன. சரி, நம்ம கத இன்னொரு நாளைக்குன்னு விட்டுட்டேன்."

அவ்வளவுதான் என்பதுபோல் கைகளை விரித்தார்.

மூன்று படி ஜோக். வகுப்பில், கல்யாண வீடுகளில், மகளின் பள்ளிக்கூட வாசலில், அவர் எதிரிலேயே. எட்டு வருடம். அந்தப் படிகளைக் கட்டியது அவள்தான். அவர் ஒரு நாளும் அவற்றில் கால் வைத்ததே இல்லை. கவனக்காவுக்கு நிறையச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்து நீர் மோவாய் வரை வந்து சொட்டியது, அவள் துடைக்கவில்லை. துடைத்தால் புடவை உரசும் சத்தம் விழும். ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள். ஒரு நிமிடம், அசையாமல். சட்டத்தை முன்பே அவரிடம் சொல்லியிருந்தாள், அவருக்குப் புரிந்தது.

அந்த ஒரு நிமிடம் இருவரும் எண்ணெய் டப்பாக்களின் மேல் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மோட்டார் ஆறிக்கொண்டிருந்தது. மாடிக் கதவிடுக்கில் காற்று நுழைந்தது. அவர் மூச்சு, தன் மூச்சு, இரண்டும் ஹெட்போனில் தனித்தனியாகக் கேட்டன. எதிரில் இருப்பவர் யார் என்றே தனக்குத் தெரியாது என்று தோன்றியது அவளுக்கு. முன்னே பின்னே பார்த்திராத ஒரு பெரிய கட்டடத்தின் வாசலில் நிற்பது போல் இருந்தது. அறுபது விநாடி முடிந்தும் கருவியை நிறுத்த மறந்துவிட்டாள்.

தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் பழைய வானொலிக்காரர், வழுக்கைத் தலை, சந்தேகக் கண். முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, எல்லாம் சரி, நடுவில் பதினோரு விநாடி வெறும் இடம் இருக்கிறதே, வெட்ட மறந்துவிட்டீர்களா என்று கேட்டார்.

"மறக்கல சார்" என்றாள் கவனக்கா. "சொல்லலாமா வேண்டாமான்னு அவர் முடிவு பண்றது அங்கதான்."

அவர் எதையோ எழுதினார். சைலன்ஸ் மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. கவனக்கா பட்டதாரி.

அன்று அவளுக்கு விடுப்பு. சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்தார். தேறிவிட்டதைச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. மகள் அறைக்குள்ளிருந்து, அம்மா, அப்பாவைப் பேசவெச்சதுக்கே உனக்கு டாக்டர் பட்டம் குடுக்கணும் என்று குரல் கொடுத்தாள்.

கவனக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். பத்து நாளாக ஒன்று அவளை அரித்துக்கொண்டிருந்தது. கல்யாணம் பேசும்போது, முதன்முதலாக இருவரையும் தனியாகப் பேச விட்ட அந்தப் பத்து நிமிடத்தில், 'என்னைப் புடிச்சிருக்குல்ல?' என்று அவள் கேட்டாள். அவர் சொன்னதும் ஒரு 'ம்'தான்.

"அன்னைக்கு மொதல்ல என்னைப் பாத்தப்ப, என்ன நெனச்சீங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அவர் மேசையின் விளிம்பைப் பெருவிரலால் தேய்த்தார். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. கவனக்கா விநாடிகளை எண்ணவில்லை. எண்ணினால் பொறுக்காது. அந்தச் சின்ன மூச்சு வந்தது.

"பயந்தேன்" என்றார். "இவங்ககிட்ட நமக்குப் பேச எடம் கெடைக்குமான்னு."

அவள் கை தானாக வாய்க்குப் போனது. ஆனாலும் பேசவில்லை. அவர் இன்னும் முடிக்கவில்லை என்பது இப்போது அவளுக்குக் கேட்கும்.

"அப்புறம் நீ பேசிட்டே இருந்த. எனக்கு அதுவரைக்கும் வீட்ல யாரும் அவ்ளோ பேசினதில்ல. இந்தச் சத்தம் இருந்தா போதும், இருந்துரலாம்னு நெனச்சேன்."

மேசையில் மைக் இல்லை, எதுவும் பதிவாகவில்லை. கவனக்கா வெகுநேரம் அவரைப் பார்த்தாள். பிறகு 'ம்' என்றாள்.